துருநூல்: அடுக்களையியல்

மாணாக்க, அமர்க. கையை முதலில் துடைத்துக்கொள். இந்நூல் கற்பார்க்கு வேண்டும் தகுதிகளுள் உலர்ந்த கை தலையாயது.

இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், துருவேறா எஃகினால் ஆன அடுகலங்களின்மேல் தோன்றும் துருவின் பிறப்பும், வகையும், அது வாராமற் காக்கும் நெறியும், வந்தபின் களையும் முறையும் உணர்த்துதல் நுதலிற்று. ஊரார் எவர்சில்வர் என்பது இதனையே. ‘துருவேறா எஃகில் துரு எங்ஙனம் ஏறும்? கடைக்காரர் ஏறாது என்றாரே?’ என்பாய். கடைக்காரர் சொன்னது விற்பனை உரை. நாம் சொல்வது நூலுரை. இவ்வெஃகு துருவை எதிர்த்து நிற்கும். ஒருபோதும் தோலாது என எவருக்கும் அது முறி எழுதித் தந்ததில்லை.

முதற்கண் காப்புத்தோலை அறிக. இரும்போடு நூற்றுக்கு 10.5 பங்கேனும் குரோமியம் கலந்தால், அக்குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியைப் பற்றி, எஃகின் மேனியெங்கும் தானே ஒரு தோலாகப் படரும். அதன் தடிப்புச் சில நானோமீட்டரே. மயிரிழை ஒன்றைப் பல்லாயிரமாக வகிர்ந்தால் கிடைக்கும் ஒரு கூறு எனக் கொள்க. கீறினால் கிழியும். கிழிந்த இடம் தூயதாக இருந்து காற்றும் பட்டால், எவரும் தைக்காமலே மீண்டும் கூடும். உப்பு இதனைத் துளைக்கும். அயலிரும்பு இதன்மேல் கறைபடுத்தும். இடுக்கு இதனை மூச்சுமுட்டச் செய்யும். இம்மூன்று பகையும் நீங்கிய ஏனம் பேரன் காலத்தும் பளபளக்கும்.

இத்தோலை மாந்தர் கண்டது நேற்றைய செய்தி. 1912இல் செருமனியின் எசன் ஊரில் குருப்பு ஆலையார் குரோமியமும் நிக்கலும் சேர்ந்த எஃகிற்கு ஆக்க உரிமை வேண்டிப் பதிந்தனர். 1913இல் இங்கிலாந்தின் செஃபீல்டில் ஆரி பிரியர்லி என்பார், சுடுகுழலின் உள்வாய் தேய்ந்துபோவதைத் தடுக்கும் எஃகு ஒன்றைத் தேடினார்; ஏறத்தாழ 12.8 விழுக்காடு குரோமியம் கொண்ட வார்ப்பொன்று புளிக்காடிக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் அசையாதிருக்கக் கண்டார். படைக்கலம் தேடியவர் கண்டது அடுகலம். கத்தி செய்வோர் அவ்வெஃகை அடித்துக் கூராக்க மாட்டாது தொடக்கத்தில் தடுமாறி, ‘வெட்டாத கத்தியைக் கண்டறிந்தவர்’ என அவரை எள்ளினர். வெட்டாக் கத்தி வேறொரு நூலின் பொருள் ஆதலின் விடுத்தாம்.

இனி எஃகின் நிரைகள். 304 என்பது நூற்றுக்கு 18 குரோமியமும் 8 நிக்கலும் உடையது. ஏனத்தின் அடியில் 18/8 எனப் பொறித்திருப்பின் இதனையே குறிக்கும். 316 என்பது அதனொடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் சேர்ந்தது; உப்புக்கு நன்கு ஈடுகொடுக்கும்; விலையும் அதற்கேற்ப. 202 என்பது நிக்கலின் ஒரு பகுதிக்கு மாங்கனீசை நிரப்பியது, காண்பதற்கு 304ஐ ஒக்கும், கழுவுமிடத்தில் ஒவ்வாது. 430 என்பது குரோமியம் மட்டும் நம்பி நிற்பது. தூண்டலடுப்புக்கு உரிய ஏனங்களின் அடித்தகட்டில் பெரிதும் காணப்படும். கத்திக்குரிய எஃகு வேறு. கூர் வேண்டிக் கரியை மிகுதியாகச் சேர்த்தமையின் துருவுக்கு எளிதில் இடங்கொடுக்கும். ஆதலின் ஈரத்தில் இரவெல்லாம் கிடந்த கத்தி புள்ளி கொள்வதும், அதனருகே கிடந்த குவளை கொள்ளாமையும் கண்டு மயங்கற்க.

காந்தம் ஒட்டாதது நல்லது, ஒட்டுவது போலி என்னும் கடைத்தெருக் கொள்கையை ஈண்டே மறுத்துவிடுவோம். 202இலும் காந்தம் ஒட்டாது. ஆயின் அது 304 அன்று. 304ஐயே ஆழ இழுத்துக் குடமாகவும் தூக்காகவும் வனைந்தால், வளைந்த மூலைகளில் காந்தம் மெல்லத் தொற்றும். 430இல் இறுகப் பற்றும். ஆயினும் அது துருவேறா எஃகே. காந்தத்தோடு ஏனம் வாங்கப் போவோர் காந்தம் ஒட்டுமா என்பதனையே அறிந்து மீள்வர், வேறொன்றும் அறியார்.

துரு, பிறப்பு நோக்க மூன்று: வந்தேறித்துரு, உட்பிறப்புத்துரு, போலித்துரு. இவற்றுள் மிகுதியும் காணப்படுவது முதலாவது. மிகுதியும் அஞ்சப்படுவது மூன்றாவது. உண்மையில் அஞ்சத்தக்கது நடுவணது ஒன்றே.

1. வந்தேறித்துருவாவது, கலம் ஈன்றதன்றி, பிறிதோர் இரும்பு ஈன்று கலத்தின்மேல் இறக்கிவிட்டுப் போனது. இஃது ஐவகைப்படும்.

1.1 நார்வழித்துரு. கம்பிநாரால் ஏனத்தைத் தேய்க்குங்கால் நாரின் நுண்துணுக்குகள் முறிந்து மேனியிற் பதியும். அவை எளிய இரும்பு. இரவில் ஈரம் படும். விடியலில் செம்பழுப்புப் புள்ளிகள் எழும். கண்ட இல்லத்தார், ஏனம் துருவேறிற்றென எண்ணி முன்னினும் வலிந்து தேய்ப்பர், அதே நாரால். இது நார்ச்சுழல் எனப்படும். இச்சுழலிற் புகுந்த ஏனம் மீள்வது, தேய்ப்பவர் ஊருக்குப் போயிருக்கும் போழ்தில்தான். துருவேறா எஃகினாலேயே ஆன சுருள்நாரும் உண்டு. அது துரு ஈனாது, கீறல் ஈனும்.

1.2 அண்டைத்துரு. ஈரமான தோசைக்கல்லையோ இரும்புச் சட்டியையோ அரிவாள்மனையையோ கழுவுதொட்டியின்மேல் சாய்த்து வைத்தலால் வருவது. அச்சின் வடிவு நோக்கி இதனை மூன்றாக வகுப்பர்: கல் இட்டது முழுவட்டம், அரிவாள்மனை இட்டது பிறை, எண்ணெய்த் தகரத்தின் அடிவிளிம்பு இட்டது வளையம். எரிவளி உருளை இடும் பெருவளையமும் இவ்வினத்ததே. ஆயின் அது தரையின்மேல் விழுவதாதலின் தரைநூலார்க்கு உரியது, நமக்கன்று.

1.3 ஊக்குத்துரு. கழுவுதொட்டியின் விளிம்பில் மறந்து வைத்த ஊக்கு, கொண்டையூசி, முடிகவ்வி ஆகியன இடுவது. இதனை அண்டைத்துருவின் உட்பிரிவு என்பாரும் தனிவகை என்பாரும் உளர். தனிவகை என்பதே எம் துணிபு. என்னை? தோசைக்கல் அடுக்களைக்கு உரியது. அங்கு இருந்தது குற்றமன்று, ஈரமாக இருந்ததே குற்றம். ஊக்கோ அங்கு இருந்ததே குற்றம்.

1.4 குழாய்த்துரு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள இரும்பும், பழங்குழாயின் உள்ளுதிர்வும் நீரோடு வந்து படிவது. குழாய் சொட்டும் இடத்திலிருந்து நீர் போகும் துளைவரை ஒரு பழுப்பு வாலாக நீளும். வாலின் தலைப்பு எங்குள்ளதோ அங்கே கரணியம் உள்ளது. தொட்டியைத் தேய்ப்பார் பலர்; அண்ணாந்து குழாயைப் பார்ப்பார் சிலர்.

1.5 பட்டறைத்துரு. ஏனம் வனையும் இடத்தில் இரும்புக் கருவி உரசிப் பதித்தது. புதிய ஏனம் முதல் இரண்டு மூன்று கழுவலிலேயே புள்ளி காட்டினால் இதனை ஐயுறுக. ஒருமுறை முற்றக் களைந்தால் மீளாது.

வந்தேறி எளிதில் நீங்கும் என்று கிடக்க விடலாகாது. படிவின் கீழ் காற்றுப் புகாது. காற்றுப் புகாத இடத்தில் காப்புத்தோல் கூடாது. அங்கே உப்பும் சேருமாயின் வந்தேறி வேர்பிடித்து உட்பிறப்பாகும்.

2. உட்பிறப்புத்துருவாவது, கலத்தின் இரும்பே துருவாதல். இது நான்கு.

2.1 குழித்துரு. நால்வருள் கொடியது. உப்பின் ஒரு கூறாகிய குளோரைடு, காப்புத்தோலின் மெலிந்த புள்ளி ஒன்றைத் தேர்ந்து துளைக்கும். துளையின் வாய் ஊசிமுனையளவு. உள்ளே இறங்குந்தோறும் அகலும். குழியினுள் உயிர்வளி குன்றும், குளோரைடு மிகும், நீர் காடியாகப் புளிக்கும். அமிலம் எனப் பள்ளியில் பயின்றாயே, அக்காடிதான். அங்ஙனம் புளித்தபின் தோல் மீண்டும் கூட வழியில்லை. மேலிருந்து காண்பார்க்கு ஒரு பழுப்புப் புள்ளி. அடியிலோ ஒரு குகை.

இதன் பிறப்பிடம் பெரும்பாலும் உலைநீர். குளிர்ந்த நீரில் கல்லுப்பை அள்ளிப் போட்டு அடுப்பேற்றுவார் உளர். கரையாத கல் அடியில் அமரும்; அமர்ந்த இடத்தில் செறிந்த உப்புநீர் திரளும்; அங்கே புள்ளி விழும். நீர் கொதித்தபின் உப்பிட்டுத் துழாவின் இக்கேடில்லை. முன்னே இடினும் பின்னே இடினும் சுவை ஒன்றே. கலத்துக்கு மட்டும் ஒன்றன்று. ஊறுகாய், உப்பிட்ட மோர்மிளகாய், கருவாட்டுக் குழம்பு ஆகியவற்றைத் துருவேறா எஃகில் நாட்கணக்கில் வைத்தலும் குழிக்கு வித்து. ஊறுகாய்க்குப் பீங்கான் சாடி வகுத்த முன்னோர் நானோமீட்டர் அறியார், ஆயினும் வழுவினாரல்லர்.

2.2 இடுக்குத்துரு. ஏனத்தின் சுருட்டிய விளிம்பு, கைப்பிடியின் தறையாணி, ஒட்டவைத்த காது, மூடியின் மடிப்பு ஆகிய இடங்களில் நீர் புகும், காற்றுப் புகாது. அங்கே பழுப்பு கசியும். ஒட்டுத்தாள் இடுக்கு இதன் தனிச்சிறப்பான உட்பிரிவு. கடையில் ஒட்டிய விலைத்தாளை உரிக்காமல் ஆண்டுக்கணக்கில் புழங்கும் இல்லங்களில், தாளின் கீழ் ஈரமும் பசையும் உப்பும் கூடிக் குடியிருக்கும். விலை அழிந்தபின்னும் தாள் இருக்கும். தாள் போனபின்னும் அதன் நாற்கோணம் இருக்கும். திருமண ஏனங்களில் கொடுத்தவர் பெயரைப் புள்ளி புள்ளியாகக் கொத்தும் வழக்கால் பெயரிடுக்கு என மற்றொன்றும் கூறுவர். எழுத்தின் பள்ளங்களில் புளிக்குழம்பு தங்கும். எனவே நீண்ட பெயருடைய மாமன் தந்த ஏனத்தை மென்தூரிகையால் எழுத்தெழுத்தாகக் கழுவுக.

2.3 தழும்புத்துரு. பற்றவைத்த இடத்தில் சூடேறி நிறம் மாறிய பட்டை. அங்கே தோலின்கீழ் குரோமியம் குன்றியிருக்கும். ஆலையில் காடியிட்டுத் துலக்கியிருக்க வேண்டும்; துலக்காது விட்டது பின்னர்ப் பழுக்கும்.

2.4 உவர்க்காற்றுப் பழுப்பு. கடலிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்குள் வாழ்வார்க்கு உரியது. காற்றில் வரும் உவர் படிந்து, தேத்தண்ணீர் வழிந்தாற்போன்ற நிறம் எழும். மழையில் நனையும் இடத்தினும் நனையாத இடத்தில் மிகும். மழை உப்பைக் கழுவுதலின். ஆழமாக அரிக்காது; கண்ணை மட்டும் உறுத்தும்.

3. போலித்துரு பல, விரைந்து செல்வோம். வெற்றேனத்தைச் சூடேற்ற எழும் வானவில் நிறம் துருவன்று. காப்புத்தோல் சூட்டால் தடித்து ஒளியைப் பலவாகக் காட்டுவது. வெண்படிவு, உவர்நீரின் சுண்ணம். மஞ்சட்கறை, தேத்தண்ணீர்க்கறை, எண்ணெய் கரிந்த பொருக்கு ஆகியவை துருவென அஞ்சப்படுவன. இவற்றுக்கு அஞ்சி ஏனத்தை மாற்றினோர் எமக்குத் தெரிந்தே உளர்.

வந்தேறியையும் உட்பிறப்பையும் பிரித்தறியும் தேர்வு இரண்டு. விரல்தேர்வு: ஈரத்துணியை விரலிற் சுற்றி ஆப்பச்சோடாவைத் தொட்டுத் தேய்க்கப் புள்ளி முற்றும் போயின் வந்தேறி, போய், அடுத்த நாள் அதே இடத்தில் மீண்டும் எழின் உட்பிறப்பு. நகத்தேர்வு: புள்ளியின்மேல் நகத்தை மெல்ல இழுக்க, நகம் தட்டித் தடுக்கின் குழி. நகம் வெட்டிய நாளில் இத்தேர்வு செய்யற்க.

துருவுக்கு வகை கூறியபின், துருவாக்குநர்க்கும் கூறுதல் முறை. இவருள் தலையாயார் ஊறவைப்போர். இவர் மூவர். ஓரிரவார், ‘காலையில் தேய்க்கலாம்’ என்று கிடத்துவோர். ஈரிரவார், அக்காலையில் அடுத்த ஏனத்தை அதன்மேல் அடுக்குவோர். ஊர்சென்றார், தொட்டியில் நீர்நிறைத்து ஏனங்களை மூழ்கவிட்டு வீட்டைப் பூட்டித் திருவிழாவுக்குப் போவோர். இம்மூன்றாமவர் வீட்டில் உட்பிறப்புத்துருவின் நால்வகையுள் முதலிரண்டையும் ஒருசேரக் கற்கலாம். அவர் திரும்புமுன் செல்க.

அடுத்தவர் வெளுப்போர். வெளுப்புநீரைத் துணிக்கு மட்டும் கொள்ளாது கழுவுதொட்டியிலும் ஊற்றித் தூய்மை காண்பர். வெளுப்புநீரில் உள்ளதும் குளோரின் வழிவந்ததே, நெடிதிருப்பின் குழிக்கும். குளியலறைத் தரை கழுவும் உப்புக்காடி இன்னும் கொடிது. அதனை ஊற்றவும் வேண்டா. தொட்டியின் கீழுள்ள மூடறையில் மூடி தளர்ந்த குப்பியாக வைத்தாலே போதும், எழும் ஆவி எஃகைப் பழுப்பாக்கும். தொடாத ஏனம் துருவேறியது எங்ஙனம் என வியந்து வினவுவாரை, முதலில் அக்கதவைத் திறக்கச் சொல்க.

காப்புநெறி வருமாறு. உண்டபின் காயவிடாது கழுவுக. வழலையின் நுரை முற்றும் போக அலசுக. துணியால் துடைக்க, இதுவே நெறிகளின் அரசு, இதனையே எவரும் செய்வதில்லை. துடைக்க மனமில்லாதார் கவிழ்த்தேனும் சாய்த்து வைக்க. ஈர ஏனத்துள் ஈர ஏனத்தைச் செருகிப் பரணேற்றற்க. தேங்காய்நாரோ பீர்க்கங்காய்க்கூடோ கொண்டு தேய்க்க. செங்கற்பொடியும் மணலும் பித்தளையோடு போகட்டும். எஃகில் அவை இடும் கீறல்களில் உப்புத் தங்கும். தேய்க்குங்கால் எஃகின் மேனியில் ஓடும் நுண்கோடுகளின் போக்கிலேயே தேய்க்க. குறுக்கே தேய்ப்பது கல்லாமை.

மருத்துவம் மூவகை: மென்மை, நடு, வன்மை. மென்மருத்துவம், ஆப்பச்சோடாவில் சிறிது நீர்விட்டுச் சாந்தாக்கிப் பூசி, மெல்லத் தேய்த்து, அலசித் துடைத்தல். வந்தேறிகளிற் பெரும்பாலன இதனோடு நீங்கும். நடுமருத்துவம், புளிக்காடியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தோய்த்த துணியைப் புள்ளியின்மேல் பத்து மணித்துளி போர்த்திப் பின் அலசுதல். காடி இரும்பின் துருவைக் கரைக்கும். குரோமியத் தோலை எளிதில் தொடாது. ஆலைகளிலும் எலுமிச்சைக்காடி கொண்டு எஃகின் மேனியிலுள்ள அயலிரும்பைக் கரைப்பர். உன் அடுக்களை அவ்வாலையின் சிறு கிளை.

இங்கே ஒரு பெரும்பிழையைக் கண்டிக்க வேண்டும். ‘எலுமிச்சை மூடியை உப்பில் தோய்த்துத் தேய்’ என்பார் ஊரெங்கும் உளர். பித்தளைக்கும் செம்புக்கும் அது தகும், தலைமுறைகளாகத் தக்கது. அதனையே துருவேறா எஃகுக்கும் நீட்டியது உவமையால் வந்த கேடு. காடியும் குளோரைடும் கலந்து ஈரத்தோடு பூசுவது, குழித்துருவின் உட்புறத்தில் இயல்பாக விளையும் நீரை வெளியில் செய்து ஊட்டுவதாகும். உப்பு நீக்கிய எலுமிச்சை மருந்து. உப்பேற்றிய எலுமிச்சை நோய். அத்தை சொன்னார், பாட்டி சொன்னார் என்பாய். அவர்கள் பித்தளையைச் சொன்னார்கள்.

வன்மருத்துவம், ஆக்சாலிக்குக் காடி கலந்த துலக்குபொடி. புளியாரைக் கீரையிலும் பிலிம்பிக் காயிலும் இயல்பாக உள்ளது இக்காடியே. பிலிம்பிச் சாற்றால் இரும்புக்கறை போக்கும் வழக்கு இதனால் வந்தது. பொடியைக் கையுறையோடு கொள்க, சிறிதளவே கொள்க, தேய்த்தபின் பலமுறை அலசுக, உண்டால் நஞ்சாகலின் குழந்தைகள் கைக்கு எட்டாது வைக்க. மூவகைக் காடியுள் எதனையும் வெளுப்புநீரோடு ஒருபோதும் சேர்க்கற்க. சேர்ப்பின் குளோரின் என்னும் நச்சுவளி எழும். ஏனம் பிழைக்கும், தேய்ப்பவர் பிழைப்பது ஐயம்.

எம்மருத்துவம் செய்யினும் முடிவில் ஒன்றுண்டு. அலசித் துடைத்த ஏனத்தை ஒரு பகலும் ஓர் இரவும் வெறுமனே காற்றாட வைக்க. தோல் கூடுதற்கு மருந்து அதுவே. இதற்குப் பூச்சொன்றும் வேண்டா. ‘இல்லை, எண்ணெய் பூசுவேன்’ என்பார் பூசிக்கொள்க, தடுக்கவில்லை. தோசைக்கல்லுக்கு அது மருந்து, எஃகுக்கு அலங்கரிப்பு.

குழியைக் காடி ஆற்றாது. உள்ளிருக்கும் துருவை மட்டும் வெளுக்கும். ஆழம் குறைந்த குழியை அரத்தாளால் தேய்த்து மெருகேற்றுவார் உளர்; தடித்த ஏனத்துக்கு அது தகும், மெல்லிய தட்டத்துக்குத் தகாது. ஆழ்ந்த குழி மூன்று நிலையாக முதிரும். கசிவுநிலையில், ஏனத்தின் அடியில் ஈரப்பொட்டு ஒன்று தோன்றும். இல்லத்தார் அதனை வியர்வை என்பர். சொட்டுநிலையில், அடுப்புத் தீ சிணுங்கும். இல்லத்தார் எரிவளி தீர்ந்தது என்பர். ஒழுகுநிலையில் எவரும் ஒன்றும் சொல்லார். இந்நிலையடைந்த ஏனத்தைப் பழைய ஏனம் எடுப்பாரிடம் நிறுத்துப் போடலாம். போட மனமில்லையேல் அரிசி களையவும் கீரை அலசவும் வைத்துக்கொள்ளலாம். அங்ஙனம் வைத்துக்கொண்ட நொடியே அது அடுகல வகுப்பினின்று நீங்கிச் சல்லடை வகுப்பினுள் புகும். சல்லடையின் துளைகள், ஒத்த துளை, ஒவ்வாத் துளை, தானே விழுந்த துளை என மூவகை. அவை சல்லடையியலில் கூறப்படும். கையைத் துடைத்துக்கொண்டு நாளை வருக.